படகுக்குப் பொத்தான் மட்டும்தான் பாக்கி

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

தங்கள் வீட்டுக்குப் பெண்ணைக் கொடுத்த டெய்லர் பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தாங்களும் சம்பந்தி அம்மாவும் மாப்பிள்ளையும் எங்கள் மகளும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கடல் சொன்னபடி கேட்க வேண்டும். வலை கனக்க வேண்டும். இங்கே நாங்களும் அப்படியே இருக்கிறோம் என்று அடுத்த வரியை எழுதத்தான் வந்தேன். ஒரு பொய்யோடு ஆரம்பிக்க வேண்டாமே என்று அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை தாங்கள் ஐஸ் கம்பெனி லாரியைப் பேசி, தூக்குவதற்கு ஆட்களையும் ஏற்றிக்கொண்டு, எங்கள் வீட்டில் தயாராகும் படகை எடுத்துப்போக வருவதாக மகள் சொன்னாள். தயவுசெய்து வர வேண்டாம். சம்பந்தியை வீட்டுக்கு வராதே என்று எழுதும் அளவுக்கு இவனுக்குக் கொழுப்பா என்று தாங்கள் நினைக்கக்கூடும். கொழுப்பு இல்லை, வெட்கம். இதைப் போனிலேயே சொல்லிவிடலாம் என்று பலமுறை தங்களைக் கூப்பிட்டேன். தங்கள் குரலைக் கேட்டதும் "அங்க மழை உண்டா சம்பந்தி?" என்று கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் தாங்கள் பொறுமையாக வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்து, "இல்ல சம்பந்தி" என்று சொன்னீர்கள். இனியும் தங்களை வெயிலில் நிறுத்தக் கூடாது என்றுதான் இந்தக் கடிதம்.

எல்லாம் அன்றைக்கு ஆரம்பித்தது. கல்யாணம் முடிந்து முதல் தடவையாகத் தங்கள் வீட்டுக்கு வந்த எங்களுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று என்னைத் தங்கள் படகில் ஏற்றிக் கடலுக்குள் அழைத்துப்போனீர்கள். மரியாதைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் வாழ்நாளெல்லாம் கால் மெஷினில் உட்கார்ந்தவன். என் காலுக்கடியில் எது ஆடினாலும் அதை ஆட்டுவது நானாகத்தான் இருக்கும். அன்றைக்கு முதல்முறையாக வேறு யாரோ மிதித்தார்கள், நான் ஆடினேன். கரை கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும்போதே வயிறு தொண்டைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளை தங்கமானவர், என் முதுகைத் தடவி, "தூரத்துல ஒரு புள்ளியப் பாருங்க மாமா, சரியாயிடும்" என்றார். நான் பார்த்த புள்ளியெல்லாம் என்னைவிட மோசமாக ஆடிக்கொண்டிருந்தது. கரைக்கு வந்ததும் தங்கள் ஆட்கள் இரண்டு பக்கமும் பிடித்து, ஈரத்துணியைக் கொடியிலிருந்து எடுப்பதுபோல் என்னை எடுத்து மணலில் விட்டார்கள். யாரும் சிரிக்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. சிரித்திருந்தால் நானும் சேர்ந்து சிரித்திருப்பேன். எல்லோரும் ஒரே நேரத்தில் வலையைக் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். என் மகள் ஒரு சொம்பு தண்ணீரோடு நின்றுகொண்டு, அப்பாவைப் பார்ப்பதா, புகுந்த வீட்டுக்காரர்களைப் பார்ப்பதா என்று தெரியாமல் சொம்பைப் பார்த்தாள். அந்த நேரத்தில் நான் வாயைக் கொப்பளித்துவிட்டுச் சும்மா இருந்திருக்க வேண்டும். எழுந்து போய்த் தங்கள் படகைத் தடவினேன். பலகையும் பலகையும் சேரும் இடத்தில் விரலை ஓட்டினேன்.

"தையல் கோணிப் போயிருக்கே சம்பந்தி," என்றேன். "துணியில இப்படி இருந்தா நான் பிரிச்சுத் தைக்கச் சொல்லுவேன்."

தாங்கள் கோபப்படவில்லை. "அப்படியா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

"வடிவம்னு ஒண்ணு இருந்தா அதை வெட்டிச் சேர்க்க முடியும் சம்பந்தி. சட்டையா இருந்தா என்ன, படகா இருந்தா என்ன?"

"அப்ப எனக்கு ஒண்ணு செஞ்சு குடுங்களேன். இதுக்கும் வயசாச்சு."

தாங்கள் விளையாட்டாகச் சொன்னீர்களா, நிஜமாகச் சொன்னீர்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தங்கள் முகத்தில் அப்படியெல்லாம் எதையும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அப்போது தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்கள். "செஞ்சிடுவோம்" என்று என் வாய் சொல்லிவிட்டது. நான் சொல்லவில்லை சம்பந்தி, வாய் சொன்னது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது என் மனைவி, "நீங்க தச்சதிலேயே பெரிசு எது?" என்று கேட்டாள்.

"பள்ளிக்கூட மேடைக்குத் திரை."

"அது தண்ணியில மிதக்குமா?"

நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். மறுநாள் எழுந்தபோது வயிறு சரியாகியிருந்தது. வாய் சொன்னது மட்டும் சரியாகவில்லை. நேரே மரக்கடைக்குப் போனேன். மரக்கடைக்காரர், "என்ன வேலைக்கு டெய்லரே? கதவா, கட்டிலா?" என்றார். படகு என்றேன். அவர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி அதே காதில் செருகிக்கொண்டு, "தண்ணியில போற படகா?" என்றார். வேறு எதில் போகும் என்றேன். "இல்ல, ஓட்டல் வாசல்ல அழகுக்கு வைப்பாங்க, அதைக் கேட்டேன்" என்றார். நான் மானத்தை விடாமல் பலகைகளைத் தட்டிப் பார்த்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்து, என் தொழிலில் யாரும் முதலில் கேட்கும் கேள்வியைக் கேட்டேன்: "நனைச்சா சுருங்குமா?" உள்ளே மரம் அறுத்துக்கொண்டிருந்தவர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். "மரம் நனைஞ்சா உப்பும் டெய்லரே" என்றார் கடைக்காரர், குழந்தைக்குச் சொல்வதுபோல. சம்பந்தி, நனைத்தால் சுருங்கும் என்ற பயத்திலேயே தொழில் செய்து தலை நரைத்தவன் நான். துணி வந்தால் முதலில் தண்ணீரில் முக்கி, அது சுருங்கவேண்டிய மட்டும் சுருங்கி முடித்த பிறகுதான் கத்தரிக்கோலைத் தொடுவேன். உப்பும் சரக்கை எப்படி வெட்டுவது என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? அங்கேயே திரும்பி வந்திருக்கலாம். கடையில் எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால், "அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு" என்று சொல்லி வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டேன்.

எங்கள் கடை என்பது வீட்டின் முன் அறைதான், தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். மெஷினையும் துணி வெட்டும் மேசையையும் சமையலறைக்குத் தள்ளினோம். "தள்ளினோம்" என்பது ஒரு மரியாதைக்கு. நான் தள்ளினேன், அவள் பார்த்தாள். அன்றிலிருந்து அடுப்புக்குப் பக்கத்தில்தான் தையல். பாங்கில் வேலை பார்க்கும் வாடிக்கையாளர் ஒருவர் போன வாரம் வந்து, "சட்டை நல்லாதான் இருக்கு, ஆனா போட்டுக்கிட்டா பசிக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்று மட்டும் இங்கே சொல்லிவிடுகிறேன். படகைப் பார்க்க வந்த அத்தனை பேரும், பால்காரர், தபால்காரர், எதிர்ச்சாரி மருந்துக்கடைக்காரர், எல்லோரும் வாசலில் நின்று ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "செஞ்சு முடிச்சப்புறம் கதவு வழியா எப்படி வெளிய எடுப்பீங்க?" கேட்டுவிட்டு, உலகத்தில் முதல் ஆளாக அதைக் கண்டுபிடித்தவர்போல் ஒரு சிரிப்பு வேறு. நான் டெய்லர் சம்பந்தி. அளவெடுக்காமல் எதையும் தொட்டதில்லை. கதவின் உயரம், அகலம், படகை நிமிர்த்தினால் எவ்வளவு, ஒருக்களித்தால் எவ்வளவு என்று டேப் பிடித்துப் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். தாராளமாக வெளியே போகும். இந்த மொத்த விவகாரத்தில் நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான். அதைத்தான் தெருவே சந்தேகப்பட்டது.

மாதிரிக்கு என்னிடம் இருந்தது அன்றைக்குக் கரையில் மாப்பிள்ளை போனில் எடுத்த ஒரு போட்டோ. படகின் முனை தெரிகிறது, பின்பக்கம் தெரிகிறது. நடுவில் தாங்கள் நிற்கிறீர்கள். கையைக் கட்டிக்கொண்டு, மிகவும் கம்பீரமாக, படகின் முக்கியமான பாகம் முழுவதையும் மறைத்துக்கொண்டு. நான் செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்து, தெரிந்த இடத்தை வரைந்தேன். தெரியாத இடத்தில் தங்களைச் சுற்றி வரைந்தேன். அதனால் நடுப்பாகம் ஏறக்குறையத் தங்கள் உடல்வாகில் அமைந்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. பிறகு வெட்டினேன். ஒவ்வொரு பலகையிலும் தையலுக்கு ஓரம் விட்டு வெட்டினேன், பிற்காலத்தில் படகு பெருத்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாமே என்று. பாதி வெட்டிய பிறகுதான் படகு பெருக்காது என்பதும், விட்ட ஓரத்தை மரத்தில் உள்பக்கமாக மடிக்க முடியாது என்பதும் புத்திக்கு எட்டியது. அதைவிடப் பெரிய கூத்து, இடது வலது. துணியை இரண்டாக மடித்துத்தான் வெட்டுவோம். ஒரு வெட்டில் இடதும் வலதும் தானாக வந்துவிடும். பலகையை எப்படி மடிப்பது? ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி வெட்டினேன், ஓரத்தைச் சரிவாக இழைத்தேன், உள்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று இரண்டிலும் ஒரே மாதிரி குறித்தேன். பொருத்திப் பார்த்தால் இரண்டும் இடப்பக்கம். இரண்டு இடக்கை வைத்த சட்டையைப்போல. படகுக்கு முதுகெலும்பான அடிமரத்தில் அறைந்த பிறகு தூர நின்று பார்த்தேன். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதைப்போல, படகு முகத்தை இடப்பக்கம் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது. இதைக் கடலில் விட்டால் புறப்பட்ட இடத்துக்கே சுற்றிச் சுற்றி வரும் என்று எனக்குத் தோன்றுகிறது, தங்களுக்குத்தான் தெரியும்.

பலகை வளைய வேண்டுமானால் ஆவி காட்ட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். ஆவி காட்ட எனக்கா தெரியாது? கோட்டின் தோளையே நான் ஈரத்துணியும் இஸ்திரிப் பெட்டியும் வைத்துத்தான் வளைப்பேன். பலகைமேல் ஈரத்துணியை விரித்து அழுத்தினேன். உண்மையிலேயே கொஞ்சம் வளைந்தது சம்பந்தி! அந்தச் சந்தோஷத்தில் வீட்டிலிருந்த எல்லா இஸ்திரிப் பெட்டிகளையும் ஒன்றாகப் போட்டேன். கட்டடம் முழுக்கக் கரண்ட் போய்விட்டது. மாடி வீட்டில் ஒரு நர்ஸ் குடியிருக்கிறார். ராத்திரி டூட்டி பார்த்துவிட்டுப் பகலில் தூங்குபவர். ஃபேன் நின்றதும் எழுந்து, தலையை அள்ளி முடிந்துகொண்டு இறங்கி வந்தார்.

"என்னண்ணே எரியுது?"

"எரியலம்மா. இஸ்திரி போடறேன்."

"எதுக்கு?"

"படகுக்கு."

அவர் கிட்டே வந்து, என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து, கவனிப்பாரில்லாமல் கிடந்த பலகை, வளைத்துக் கட்டியிருந்த கயிற்றை அறுத்துக்கொண்டு துள்ளி நேராக நிமிர்ந்தது. அது நிமிரும் வழியில்தான் டிரையல் பார்க்கும் கண்ணாடி இருந்தது. கண்ணாடிக்கு முன்னால், ஒரு கை மட்டும் வைத்த கறுப்புக் கோட்டோடு, மறு கைக்காகக் காத்திருந்த வக்கீல் இருந்தார். கண்ணாடி நொறுங்கியது. ஆளுக்கு ஒரு கீறல்கூட இல்லை, ஆண்டவன் புண்ணியம். ஆனால் அதே கோட்டோடு தெருவில் இறங்கி நடந்தவர் இதுவரை திரும்பி வரவில்லை. மறு கை என்னிடம்தான் இருக்கிறது.

அன்றிலிருந்து என் மனைவி என்னிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். சண்டை போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். எங்களுக்குள் சண்டை ஒன்றும் புதிது இல்லை. இது வேறு மாதிரி. சாப்பாடு எடுத்து வைத்ததும் என்னைக் கூப்பிடாமல் படகைப் பார்த்து, "ஆறிப்போகுதுன்னு சொல்லு" என்பாள். "மெஷின் மேல ஆணிய வைக்க வேண்டாம்னு சொல்லு" என்பாள். படகு என்னிடம் ஒன்றும் சொல்லாது. ஆனால் எனக்குக் கேட்டுவிடும். தரையில் மரத்தூள், பாயில் மரத்தூள், தைத்துக் கொடுத்த பேன்ட் பாக்கெட்டுக்குள் மரத்தூள். அவள் காலையும் மாலையும் பெருக்கிக்கொண்டே இருந்தாள். நான் இழைத்துக்கொண்டே இருந்தேன்.

போன வாரம் மகள் போன் செய்தாள். வழக்கமாக அம்மாவிடம்தான் முதலில் பேசுவாள். அன்று என்னைக் கேட்டாள்.

"அப்பா, மாமா கரையில இடம் சுத்தம் பண்ணி வச்சிருக்காரு. பாறையெல்லாம் புரட்டிப் போட்டு. வர்றவங்க போறவங்க எல்லார்கிட்டயும் என் சம்பந்தி படகு கட்டறாருன்னு சொல்றாரு."

"சொல்லட்டுமே."

"அப்பா, நெஜமா முடிச்சிருவீங்கதானே?" குரலைத் தாழ்த்திக் கேட்டாள். பக்கத்தில் யாரோ இருந்திருப்பார்கள். "நான் இங்க இருக்கணும்பா. தினம் இவங்க மூஞ்சியில முழிக்கணும்."

"எல்லாம் ஆச்சும்மா. பொத்தான் மட்டும்தான் பாக்கி," என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகு சும்மா இருக்க முடியவில்லை. அன்றைக்கே மரவேலைக்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து அழைத்து வந்தேன். எங்கள் தெருவில் அவரைக் கட்டில்காரர் என்பார்கள். கட்டிலைத் தவிர வேறு எதையும் செய்ததில்லை. படகை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து பார்த்து, "தலைமாடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார். நான் முனையைக் காட்டினேன். "தலை இடிக்குமே" என்றார். படகு என்று விளக்கிய பிறகு இன்னும் ஒரு சுற்று வந்தார். "இதை நிமித்தி நிறுத்தி நடுவுல ரெண்டு தட்டு அடிச்சா நல்ல அலமாரி டெய்லரே. மேல கூம்பா வர்ற இடத்துல கடிகாரம் மாட்டலாம்" என்றார். கோபம் வந்து அவரை அனுப்பிவிட்டேன். அவர் போன பிறகு, தலையைச் சாய்த்து நிமிர்த்திப் பார்த்தேன். நல்ல அலமாரியாகத்தான் இருக்கும்போலத் தெரிந்தது. அதுதான் ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அப்போதாவது விட்டேனா? இடுக்குகளில் பஞ்சைத் திணித்து, மேலே பிசின் பூசிவிட்டால் கோணலாக இருந்தாலும் ஒழுகாத படகு என்று ஒரு பெயராவது மிஞ்சுமே என்று நினைத்தேன். பஞ்சு திணிப்பது என் கைக்கு வரும் வேலை, தலையணை தைத்த கை. திணித்து முடித்ததும் ஒழுகுகிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவு தண்ணீருக்கு எங்கே போவது? அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது, இப்போது நினைத்தாலும் முதுகு கூசுகிறது. உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே போகவில்லை என்றால் வெளியே இருக்கும் தண்ணீர் உள்ளே வராது, சரிதானே? குழாயில் ரப்பர் டியூபை மாட்டிப் படகுக்குள் தண்ணீரை நிரப்பினேன். கொஞ்ச நேரம் நின்றது. நான் கைகூடத் தட்டினேன். பிறகு பிசின் மெதுவாகக் கண் திறந்தது. ஒரு இடத்தில் இல்லை, தைத்த இடம் எல்லாம். முன் அறை நிறைந்து, சமையலறைக்குப் போய், அங்கே இடம் போதாமல் திரும்பி வந்து, நிதானமாக வாசல் படியிறங்கி, பக்கத்து ஜெராக்ஸ் கடைக்குள் நுழைந்தது. ஜெராக்ஸ் கடைக்காரர் தரையில் அடுக்கி வைத்திருந்த பேப்பர் கட்டுகளை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடி வந்தார். "மேல டேங்க் உடைஞ்சிருச்சா?" என்று கத்தினார். "இல்ல, படகு ஒழுகுது" என்றேன். அவர் படகைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "படகு ஒழுகினா தண்ணி உள்ளதானே வரணும்?" என்று கேட்டார். நனைந்த பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, நிஜமாகவே புரியாமல் கேட்டார்.

என் மனைவி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, துணியைப் போட்டு ஒற்றி, பிழிந்து, ஒற்றி, பிழிந்து, முதலில் ஜெராக்ஸ் கடையைத் துடைத்துக் கொடுத்தாள். பிறகு எங்கள் வீடு. நானும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அடிமரத்துக்குப் பக்கத்தில் இரண்டு பேரும் எதிரெதிராகத் துடைத்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் இத்தனை நாளுக்குப் பிறகு நேரே என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"யாருகிட்டத் தோத்துருவோம்னு இப்படிப் பயப்படறீங்க?"

சம்பந்தி, நான் பதில் சொல்லவில்லை. தங்களுக்குச் சொல்கிறேன். தங்களிடம் இல்லை. என் மகளுக்குப் பிறந்ததிலிருந்து நான்தான் தைத்தேன். குழந்தைச் சட்டை, பள்ளிக்கூட உடுப்பு, கல்யாணத்துக்குப் போட்ட ரவிக்கை எல்லாம். கழுத்து இறக்கத்துக்கும் கை நீளத்துக்கும் என்னிடம் அழுது சண்டை போடுவாள். இப்போது போனில் முகம் பார்த்துப் பேசும்போது கடையில் ரெடிமேடாக வாங்கியதைப் போட்டிருக்கிறாள். அவசரத்துக்கு வாங்கியிருப்பாள், தப்பில்லை. தோள் இறங்கியிருக்கிறது. நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் என் கை பட்டது ஒன்று இருக்கட்டும், அவள் போகும்போதும் வரும்போதும் கண்ணில் படும்படி பெரிசாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டிருப்பேன்போல. அதைச் சொல்லத் தெரியாமல் படகு என்று சொல்லிவிட்டேன். இரண்டு சுடிதார் தைத்து அனுப்பியிருந்தால் முடிந்திருக்கும்.

எனவே, ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நாளைக் காலையில் கட்டில்காரர் ரம்பத்தோடு வருகிறார். அறுத்து அலமாரியோ விறகோ, அவர் இஷ்டம். கரையில் தாங்கள் சொல்லி வைத்தவர்களிடம் என்ன சொல்வது என்று நானே யோசித்துப் பார்த்தேன். டெய்லருக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லலாம். மரம் சரியில்லை என்று சொல்லலாம். அதெல்லாம் வேண்டாம், டெய்லருக்குப் படகு கட்டத் தெரியாது என்றே சொல்லிவிடுங்கள். ஆனால் என் மகள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துச் சொல்லுங்கள். அவளிடம் ஒன்றும் கேட்க வேண்டாம். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது. தங்கள் படகின் தையலில் ஒரு குறையும் இல்லை. அன்றைக்கே எனக்குத் தெரியும். விரலை ஓட்டியபோது ஒரு பிசிறு தட்டவில்லை. படகை மூடி வைக்க ஒரு தார்ப்பாய் உறை வேண்டுமானால் தைத்துத் தருகிறேன், அது என் தொழில். அளவுக்குப் போட்டோ அனுப்பினால் போதும். அதில் தாங்கள் மட்டும் நிற்க வேண்டாம்.

சம்பந்தி அம்மாவுக்கு எங்கள் இருவரின் வணக்கத்தையும், மாப்பிள்ளைக்கும் மகளுக்கும் எங்கள் ஆசிகளையும் சொல்லவும். தாங்கள் போகும் கடல் எப்போதும் தங்களைத் திருப்பிக் கொண்டுவந்து விட வேண்டும். இவ்வளவு நீளமாக எழுதியதற்கும் சேர்த்து மன்னிக்கவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பை இழக்காதிருக்க விரும்பும்
டெய்லர்

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். காலையில் கட்டில்காரர் வந்தார். எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆரம்பிங்க" என்றேன். ரம்பச் சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால் என் மனைவி முறத்தோடு படகுக்குள் ஏறி உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள்.

"எறங்குங்கம்மா, அறுக்கணும்" என்றார் கட்டில்காரர்.

"எதை அறுக்கணும்? கடைசியில அறுக்கறதுக்கா நான் இத்தனை நாள் பல்லைக் கடிச்சுகிட்டுப் பெருக்கினேன்?" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "அந்த வலப்பக்கப் பலகையப் பிரிச்சுட்டு வேற வெட்டிப் போடுங்க. அது தப்புன்னு அன்னிக்கே சொன்னேன்."

"எப்ப சொன்ன?"

"வாயத் திறந்து சொன்னாத்தான் சொன்னதா?"

கட்டில்காரர் இப்போது டீ குடித்துவிட்டு வலப்பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருக்கிறார். விஷயம் அதோடு நிற்கவில்லை. விடிந்ததும் அவளே சம்பந்தி அம்மாவுக்குப் போன் செய்து, கோணல், கண்ணாடி, ஜெராக்ஸ் கடை உட்பட எல்லாவற்றையும் சொல்லி, வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள், வரும்போது படகு கட்டத் தெரிந்த யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கேட்டுக்கொண்டாளாம். ஆகவே மேலே எழுதியதைத் தாங்கள் படிக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். லாரியைச் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். சம்பந்தி அம்மா போனில் ரொம்ப நேரம் சிரித்துவிட்டு, "அவரை விசனப்பட வேண்டாம்னு சொல்லுங்க. எங்க வீட்டுக்காரர் மொதல்ல கட்டின படகு தண்ணியவே பார்த்ததில்ல. பின்கட்டுல கவுத்துப் போட்டிருக்கோம், கோழி அடையுது" என்றார்களாம்.

சம்பந்தி, தங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது பின்கட்டில் நின்று, கோழிக்கூடு ரொம்ப அம்சமாக இருக்கிறதே, யார் செய்தது என்று நான் வாய்விட்டுக் கேட்டேன். தாங்கள் வானத்தைப் பார்த்து, "மழை வரும்போலத் தெரியுது" என்றீர்கள்.